எப்சிபா கவிழ்த்த குடம்

சங்கரன்கோவிலில் எப்சிபா லேப்டாப்பைத் திறந்தால் திருவேங்கடத்துக் கிணற்றுத் தவளைகள் கத்துவதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கேட்கும். இளையரசனேந்தலில் வற்றிக் கிடக்கும் கிணறுகூட, இன்றைக்கு நம் மானத்தை வாங்கப் போகிறாளோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, தவளை எழுந்து நின்றது கொஞ்சம் கூடுதல்தான். உட்கார்ந்தபடியே கேட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கிணற்றையும் கண்ணால் பார்த்திராத பெண், ஒரு வட்டாரத்துக் கிணறுகள் அத்தனையும் என்ன நிலைமையில் இருக்கின்றன என்பதை ஊரே காதால் கேட்கும்படி செய்தாள் என்பதில் ஒரு சொட்டுக் கலப்படம் கிடையாது.

எப்சிபாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அப்பா தங்கப்பழம் ராஜபாளையம் ரோட்டில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்ட வாயைத் திறக்கும் முன்பே, "புள்ளைக்கு நாலு ஆளு காது இருக்கு, பாத்துக்கிடுங்க" என்று வந்தவர் கையில் கருப்பட்டியைக் கொடுத்து வாயை அடைத்துவிடுவார். கடைக்காரர் பேச்சு, கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த விஷயத்தில் மட்டும் அவ்வளவாகக் கழிக்க வேண்டியிருக்கவில்லை.

அது தெருக்குழாயில் தெரிந்தது. தண்ணீர் வருகிற நாளில் பெண்கள் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுப் பேச்சில் இறங்கிவிடுவார்கள். குடம் வழியும். வழிந்தால் பின்னால் நிற்கிறவள் சும்மா விடமாட்டாள். எப்சிபா குழாயடியில் உட்கார ஆரம்பித்த பிறகு ஒரு குடமும் வழியவில்லை. காலிக் குடத்தின் அடியில் தண்ணீர் விழும்போது சத்தம் கட்டையாக இருக்கும். நிரம்ப நிரம்ப மெலிந்து, கழுத்துக்கு வரும்போது கீச்சென்று மேலே போய்விடும். இது தண்ணீர் பிடித்துப் பழகிய எல்லாருக்கும் தெரியும். எப்சிபா அதைப் பித்தளைக்கு ஒன்று, எவர்சில்வருக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகக் காதில் வைத்திருந்தாள். "மேரியத்தை, ஒங்க குடம் கழுத்துக்கு வந்துட்டு" என்று குரல் கொடுப்பாள். அடுத்த தெருவில் நிரம்புகிற குடத்தையும் இங்கிருந்தே சொல்லிவிடுவாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது யார் என்பதை இங்கே ஆராய வேண்டாம்.

பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தாள். கணக்கு என்றால் உயிர். ஆனால் பரீட்சையில் வரைபடம் வந்தால், பார்வையில்லாத பிள்ளைகள் அதைத் தொட வேண்டாம், மார்க்கைச் சும்மாவே போட்டுவிடுவோம் என்றார்கள். கூடப் படித்தவர்களுக்கு அது சந்தோஷம். எப்சிபாவுக்கு அவமானம். விருந்துக்குக் கூப்பிட்டு, நீ சாப்பிட வேண்டாம், சாப்பிட்டதாக எழுதிக்கொள்கிறோம் என்று சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு. அந்தக் கோபத்திலேயே கல்லூரியில் புள்ளியியல் எடுத்தாள்.

அங்கே வேறு தொல்லை. அவளுடைய லேப்டாப் திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும். எண்களை வாசிக்கும், எழுத்துகளை வாசிக்கும். வரைபடம் வந்ததும் "படம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். என்ன படம் என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்டால், "ஒண்ணுமில்லட்டி, மேல போயி கீழ வருது" என்பாள். உலகத்தில் உள்ள மழை, விலைவாசி, ஜனத்தொகை எல்லாமே மேலே போய்க் கீழே வருகிறது என்ற அளவில்தான் எப்சிபாவின் புள்ளியியல் கொஞ்ச நாள் நின்றது.

பிறகுதான், வரைபடத்தைச் சத்தமாக மாற்றிக் கேட்கிற வழி ஒன்று உண்டு என்று தெரியவந்தது. எண் கூடினால் சுருதி கூடும், குறைந்தால் சுருதி இறங்கும். படத்தில் இடமிருந்து வலம் போவதற்குப் பதில், காதில் முன்னே பின்னே என்று நேரம் ஓடும். அவ்வளவுதான் சங்கதி. விடுமுறைக்கு வந்தவள் சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் கீபோர்டில் உட்கார்ந்து ஒரு கணக்கை வாசித்துப் பார்த்தாள். பாஸ்டர் கேட்டுக்கொண்டே வந்து, இது என்ன பாட்டும்மா என்றார். போன வருஷத்து மழை என்றாள். ரொம்பச் சின்னப் பாட்டாக இருக்கிறதே என்று பாஸ்டர் வருத்தப்பட்டாராம்.

படிப்பு முடிந்து வேலை கிடைத்த இடம், சங்கரன்கோவிலில் இருக்கிற கரிசல்மண் உழவர் நிறுவனம். வெள்ளாமை பார்க்கிற சுற்றுவட்டாரச் சம்சாரிகள் சேர்ந்து நடத்துவது. விதை வாங்குவது, விளைந்ததைச் சேர்த்து விற்பது, எல்லாம் அங்கேதான். எப்சிபாவுக்கு போன் எடுக்கிற வேலை. உறுப்பினர்கள் வாரம் ஒருமுறை தங்கள் கிணற்றில் கல் கட்டிய கயிற்றை விட்டுப் பார்த்து, கைப்பிடிச் சுவரிலிருந்து எத்தனை அடியில் தண்ணீர் கிடக்கிறது என்று போனில் சொல்வார்கள். எப்சிபா அதைக் கணினியில் ஏற்றுவாள். வருஷாவருஷம் பொதுக்கூட்டம் வரும்போது அந்தக் கணக்கெல்லாம் ஒரு பெரிய ஃபிளெக்ஸில் கலர் கலராகக் கோடுகளாகி மேடைக்குப் பின்னால் தொங்கும். சம்சாரிகள் அதற்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் எதை விதைப்பது என்று அந்தக் கோட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. யார் பார்த்தார்கள், என்ன புரிந்துகொண்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த வருஷம், கிணற்றுக் கணக்கை முழுநேரமாகப் பார்க்க ஓர் ஆள் போடுவது என்று நிறுவனத்தில் முடிவானது. எப்சிபா அது தனக்குத்தான் என்று நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் தலைவரிடம் போய்க் கேட்டும்விட்டாள்.

தலைவர் சண்முகையா, அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கெட்டவர் இல்லை. வலது கையில் கனத்த மோதிரம் ஒன்று போட்டிருப்பார். அதை மேசையில் டக் டக் என்று தட்டாமல் அவருக்கு ஒரு வாக்கியம் முடியாது.

"எம்மா, படத்தைப் போட்டு வெளக்கிச் சொல்லுத வேலைல்லா இது. படத்தைப் பாக்க முடியாத ஆளுகிட்ட எப்படித் தாயி கொடுக்க?" என்றார். டக்.

"பாக்க முடிஞ்சவங்க இத்தனை வருஷமா என்ன பாத்தாங்க அண்ணாச்சி? நான் படத்தைக் கேக்க வைக்கேன். கூட்டத்துல ஒருதடவ விடுங்க. சம்சாரிங்களுக்குப் புரியலைன்னா நான் போனையே எடுத்துக்கிட்டுக் கெடக்கேன்."

சண்முகையா மோதிரத்தைத் தட்டி ஓர் ஏற்பாடு சொன்னார். புரட்டாசியில் பொதுக்கூட்டம். அதில் அவள் கிணற்றுக் கணக்கைச் சொல்லட்டும். உறுப்பினர்கள் சரி என்றால் வேலை அவளுக்கு. இல்லையென்றால் திருநெல்வேலியில் ஓர் ஆள் தயாராக இருக்கிறான். பேச்சு முடிந்தது.

நிறுவனத்தின் கணக்கர் முகம்மது ரியாஸ். எப்சிபாவுக்கு அண்ணன் மாதிரி, கணினியில் கை ஓடுகிறவர். இருவருமாக வேலையைத் தொடங்கினார்கள். எண் கூடினால் சத்தம் ஏற வேண்டும் என்று எப்சிபா சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனாள். அவர் ஏற்றிவைத்தார். திரும்பி வந்து கேட்டால், ஆரம்பத்தில் கொசு பறந்த மாதிரி இருந்த சத்தம் கடைசியில் ஆபீஸ் ஜன்னல் அதிர அலறியது. பக்கத்து டீக்கடைக்காரர், அடுப்பை அணைத்துவிட்டு, எங்கே தீப்பிடித்தது என்று ஓடிவந்தார்.

"ஏறணும்னா இந்த ஏத்தம் இல்லண்ணே. கட்டைக்குரல் கீச்சுக்குரல் ஆவுதுல்லா, அந்த ஏத்தம்" என்றாள் எப்சிபா.

"அதுக்கும் ஏறுதுன்னா சொல்லுவ? தமிழ்ல வேற வார்த்தையே இல்லையாட்டி ஒனக்கு?" என்றார் ரியாஸ்.

அந்த 'ஏறுது' என்ற வார்த்தை அன்றைக்கே கொஞ்சம் எச்சரித்திருக்கிறது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

சத்தத்தைச் சரிபண்ணினார்கள். முதலில் வெறும் பீப் சத்தம் வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. நாதஸ்வரம் வைத்தார்கள். கிணறு எப்படிப் போனாலும் மாப்பிள்ளை அழைப்பு மாதிரியே இருந்தது. கடைசியில் புல்லாங்குழலில் நின்றார்கள். தை மாதத்திலிருந்து ஆவணி வரைக்கும் வாரம் ஒரு சுரம். ஊருக்கு ஒரு பாட்டு.

கூட்டத்துக்கு முந்தின நாள் எப்சிபாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. சம்சாரிக்குச் சுருதி, சுரம் என்று எதற்குப் பாடம் எடுக்க வேண்டும்? குடம் நிரம்புகிற சத்தத்தைத் தெரியாதவர் உண்டா? புல்லாங்குழலைத் தூக்கிவிட்டு, வீட்டுப் பித்தளைக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தத்தையே பதிவு செய்து அதை வைத்தாள். ரியாஸ் கேட்டுப் பார்த்து, இதைக் கேட்டால் எனக்கே எழுந்துபோய்க் குழாயை அடைக்கத் தோன்றுகிறது என்றார். அந்தப் பாராட்டில் எப்சிபாவுக்கு அன்றைக்குத் தூக்கம்கூட நல்ல தூக்கம்.

பொதுக்கூட்டம் கல்யாண மண்டபத்தில். மண்டபம் நிரம்பி வாசல் வரைக்கும் ஆள் என்று சொல்ல ஆசைதான். பாதி மண்டபம் நிரம்பியது. மீதிப் பாதிக்குப் பின்கட்டில் வெந்துகொண்டிருந்த பிரியாணியின் வாசனை நிரம்பியது. மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ், மேடையில் மேசைக்குப் பின்னால் சண்முகையா. எப்சிபா மைக்கைப் பிடித்தாள்.

"இது கெணத்துக் கணக்கு. பாக்க வேண்டாம், கேட்டாப் போதும். கொடம் நெறையுத சத்தம் எல்லாருக்கும் தெரியும்லா. அது மாதிரிக் கேளுங்க. மொதல்ல இளையரசனேந்தல்."

பொத்தானை அழுத்தினாள். தண்ணீர் விழுகிற சத்தம். முதலில் கட்டையாக, அடிக்குடத்துச் சத்தம். தை, மாசி, பங்குனி. மெல்ல மெலிந்தது. சித்திரையில் இன்னும் மேலே போயிற்று. ஆனி, ஆடி தாண்டி ஆவணியில் கழுத்து வரைக்கும் வந்து கீச்சென்று நின்றது. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் தன்னை அறியாமல் குடத்தை நகர்த்துகிற மாதிரி கையை நீட்டிவிட்டார். மண்டபத்தில் சிரிப்பு. எல்லாருக்கும் புரிந்துவிட்டது. எப்சிபாவுக்குக் கால் தரையில் இல்லை.

அப்போது இளையரசனேந்தல் அய்யாத்துரை எழுந்தார். வானத்தை நம்பி உளுந்தும் சோளமும் போடுகிற மனுஷர்.

"தாயி, வயித்துல பாலை வார்த்த. நான் என் கெணறு பண்ணுத சண்டித்தனத்தைப் பாத்து ஊத்தே செத்துப்போச்சின்னுல்லா நெனச்சிக்கிட்டு இருந்தேன். ஊர்க் கெணறெல்லாம் கழுத்துக்கு வந்துட்டுன்னா ஊத்து என் பக்கமும் திரும்பத்தானே செய்யும். அப்போ நான் இந்த வருசம் வாழை வைக்கப் போறேன். கன்னுக்கு இப்பவே சொல்லிவிடுதேன்."

இளையரசனேந்தலில் வாழை. யாராவது சிரிப்பார்கள் என்று எப்சிபா காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதற்குப் பதில் இன்னொரு பக்கத்திலிருந்து, நமக்கும் கொஞ்சம் கன்று சொல்லிவிடும் வே என்று குரல் வந்தது.

எப்சிபாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வட்டாரத்துக் கிணறு எதிலும் தண்ணீர் கூடவில்லை என்பது போன் எடுத்த அவளுக்குத் தெரியாதா? அவளிடம் வந்த எண் என்ன எண்? சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்பது. தண்ணீர் கீழே போகப் போக எண் கூடும். எண் கூடக் கூடச் சத்தம் ஏறும் என்றுதான் போட்டு வைத்திருந்தாள். புல்லாங்குழலாக இருந்தவரைக்கும் அது வெறும் எண். குடமாக்கியதும் தண்ணீராகிவிட்டது. கிணறு வற்ற வற்ற மண்டபத்தில் குடம் நிரம்பியிருக்கிறது.

இப்போது இரண்டு வழி. பிரியாணிக்கு நேரமாகிறது, எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்று மைக்கை வைத்துவிட்டால் வேலை அவளுக்கு. அய்யாத்துரை வாழை வைப்பார். வாழை பங்குனிக்குள் கருகும். இல்லை, தப்பு என்று சொன்னால் திருநெல்வேலி ஆள் வருவான்.

எப்சிபா மைக்கைக் கீழே வைக்கவில்லை.

"கன்னு வேண்டாம் பெரியப்பா. கெணறு நெறையல. நான்தான் கொடத்தைத் தலைகீழாப் பிடிச்சிட்டேன். நீங்க சொல்லுத அடிக்கணக்கு கூடிச்சின்னா தண்ணி எறங்குதுன்னு அர்த்தம். நான் அதுக்குச் சத்தத்தை ஏத்திட்டேன். தப்பு என்னுது."

டக் என்று மோதிரம் விழுந்தது. "அதுக்குத்தாம்மா படத்தைப் பாக்கணுங்கது" என்றார் சண்முகையா. திரும்பி ஃபிளெக்ஸைப் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. "ஏம்மா, படத்துலயும் கோடு மேலதானே போவுது?"

"அதே எண்ணுதானே அண்ணாச்சி. அதுவும் மேலதான் போவும்."

"அப்போ போன வருசமும்?"

"போன வருசமும், அதுக்கு முந்தின வருசமும்."

மண்டபம் இப்போதுதான் முதல்முறையாக அந்த ஃபிளெக்ஸை ஒழுங்காகப் பார்த்தது. குடத்துக்குக் கை நீட்டிய அம்மாள், திருவேங்கடத்துக் கோமதியம்மாள், எழுந்து நின்றார். போன வருஷம் அந்தக் கோடு ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் மக்காச்சோளம் போட்டேன், கதிர் பிடிக்கும் நேரத்தில் கிணற்றில் வாளி தரை தட்டியது, என் ராசி என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன் என்றார். அவர் சொன்னதும், எனக்கும் அப்படித்தான் என்று ஒரு குரல். இந்தப் பக்கம் இன்னொன்று. தன் கிணறு மட்டும்தான் வற்றுகிறது என்று ஒவ்வொருவரும் வெட்கப்பட்டுப் பக்கத்துக் காட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். படம் பார்த்து யாரும் வாய் திறந்ததில்லை. சத்தம் கேட்டதும் ஒருவர் வாழை வைக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதால்தான் தப்பு பிடிபட்டது.

இதற்குள் எப்சிபாவின் விரல் வேலையில் இருந்தது. செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. ரியாஸ் அருகில் வந்து, "போட்டுட்டியாட்டி?" என்று மட்டும் கேட்டார். "போட்டுட்டேண்ணே." மறுபடியும் பொத்தானை அழுத்தினாள்.

இந்தமுறை தை மாதத்தில் குடம் கழுத்தளவு நின்றது. மாசியில் கொஞ்சம் இறங்கிற்று. பங்குனியில், சித்திரையில், யாரோ குடத்தை மெல்லச் சாய்த்து ஊற்றுகிற மாதிரி சத்தம் கட்டையாகிக்கொண்டே போயிற்று. ஆவணிக்கு வந்தபோது காலிக் குடத்தின் அடியில் தண்ணீர் பொத்தென்று விழுகிற சத்தம்தான் மிச்சம். பின்கட்டில் பிரியாணி கிளறுகிறவர்கள்கூட அகப்பையை நிறுத்திவிட்டார்கள். திருவேங்கடம் அதைவிட மோசம். கரிவலம்வந்தநல்லூர் மட்டும் பாதிக் குடத்தில் தம் பிடித்து நின்றது. அந்த ஊர்க்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தியதில் நாற்காலிகள் கிறீச்சிட்டதை எப்சிபா கேட்டாள்.

"நான் உளுந்தே போடுதேன்" என்றார் அய்யாத்துரை. உட்கார்ந்தவர் மறுபடி எழுந்து, "அந்தக் கடைசிச் சத்தம் இருக்கே தாயி, அது எங்க கெணறேதான்" என்றார்.

பேச்சு வேலைக்கு வந்தது. தப்பாகச் சொன்ன பெண்ணுக்கே எப்படிக் கொடுப்பது என்று ஒருவர் இழுத்தார். தப்பை யார் சொல்லி நமக்குத் தெரிந்தது என்று கோமதியம்மாள் அவரை உட்கார வைத்தார். சண்முகையா தொண்டையைச் செருமிக்கொண்டு, எப்சிபாவுக்குக் கொடுக்கலாம் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். துணிகள் சரசரத்தன. பிறகு அமைதி.

"அண்ணாச்சி, கையத் தூக்குனா எனக்கு எப்படித் தெரியும்? என் வேலைக்கு எடுக்க ஓட்டு, எனக்கும் கேக்கணும்லா. நாற்காலியத் தட்டச் சொல்லுங்க" என்றாள் எப்சிபா.

தட்டினார்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடிகளில் அந்தக் கரிசல்காட்டுக் கைகள் விழுந்த வேகத்தில் மண்டபத்து மின்விசிறிகள் தாமாகவே சுற்ற ஆரம்பித்தன. மண்டபத்து மாடத்திலிருந்த புறாக்கள் கோபுரத்தில் போய்த்தான் உட்கார்ந்தன. பிரியாணி அண்டாவின் மூடி எகிறி விழுந்தது. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், எப்சிபாவுக்காகத் தட்டினார்கள். கிணற்றுக் கணக்கு அவளுடையதாயிற்று.

நான் எழுதிய இதை இதுவரைக்கும் வாசித்துக் காட்டக் கேட்டுக்கொண்டிருந்த எப்சிபா, கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மின்விசிறியும் புறாவும் இருந்துட்டுப் போட்டும் ஆச்சி. அத்தன பேரும்னு மட்டும் எழுதாதீங்க. மேசை மேல மோதிரம் தட்டல. எனக்குக் கேட்டிருக்கும்லா."